எந்தக் கல்லிலிருந்து அளந்தார்கள்?

மேல்சித்தாமூர்ப் பக்கம் மனை பார்க்க வருபவர்கள் "மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று கேட்கத் தவறுவதில்லை. விற்பவர் கைப்பேசியை நீட்டி, "கடல் மட்டத்துக்கு மேல எவ்ளோ மீட்டர் பாருங்க சார்" என்கிறார். முன்பணம் கைமாறிவிடுகிறது. 2024 ஃபெஞ்சல் புயலில் இதே மாவட்டத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை கொட்டிய பிறகும் இதே கதைதான்.

கைப்பேசி உயரத்தை நம்பாதீர்கள். செயற்கைக்கோள் தருவது கணக்குக்காக வகுத்த ஒரு நீள்கோளத்திலிருந்து எடுத்த உயரம். நம் பகுதியில் அதற்கும் கடல் மட்டத்துக்கும் 80 மீட்டருக்கு மேல் வித்தியாசம். செயலி அதைத் திருத்தாவிட்டால் திண்டிவனமே கடலுக்கடியில் கிடக்கும். திருத்தினாலும் சில மீட்டர் பிசகும். வீட்டுக்குள் தண்ணீர் வர அரையடி போதும்.

கடல் மட்டமாவது ஒன்றா என்றால், அதுவும் இல்லை. சென்னை, நாகப்பட்டினம், பம்பாய், கராச்சி உட்பட 9 துறைமுகங்களின் சராசரிக் கடல் மட்டத்தையும் ஒரே பூஜ்யம் என்று வைத்துத்தான் 1909-இன் அடிப்படை மட்டம் அமைந்தது. கடலோ எல்லாக் கரையிலும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. இந்திய நில அளவைத் துறை மறுபடி அளந்து 2009 அடிப்படை மட்டத்தைக் கொண்டுவந்தது. ஆக, உயரம் குறித்து நட்ட ஒரே மட்டக்கல்லுக்கு இரண்டு மதிப்புகள் புழங்கலாம். இது போதாதென்று ஒப்பந்தக்காரர்கள் சிறுபாலத்தில் பெயின்ட்டால் '100.000' என்று எழுதி வேலையைத் தொடங்குகிறார்கள். சாலைக்கு ஒரு நூறு, வடிகாலுக்கு வேறொரு நூறு! இரண்டையும் பொருத்திப் பார்ப்பது யார் வேலை என்று கேட்டால், ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் காட்டுகிறது.

மனையில் தண்ணீர் நிற்குமா என்று அறியப் பட்டாவும் புலப்படமும் உதவாது. அவற்றில் உயரம் கிடையாது. பக்கத்து ஏரியின் மட்டத்தோடுதான் மனையை ஒப்பிட வேண்டும். தகவல் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 6(1)-இன்கீழ் மனு போடுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரி என்றால் விழுப்புரம் நீர்வளத் துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு. சிறிய ஏரி என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். அலுவலகம் மாறிப்போனாலும் திருப்பி அனுப்பக் கூடாது; பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும்.

'ஏன்' என்று கேட்காதீர்கள், ஆவண நகல் கேளுங்கள்: ஏரியின் முழு நீர்மட்டம், அதிகபட்ச நீர்மட்டம், உபரி நீர் வழியும் கலிங்கின் உச்சி மட்டம்; இவை எந்த மட்டக்கல்லிலிருந்து எடுக்கப்பட்டன, அதன் இருப்பிடம், மதிப்பு; அந்த மதிப்பு 1909-ஐச் சேர்ந்ததா, 2009-ஐச் சேர்ந்ததா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)-இன்கீழ் முதல் மேல்முறையீடு.

மனை ஏரியின் உள்வாய்ப் பக்கம் இருந்தால், கலிங்கின் உச்சியிலிருந்தே ஆட்டோ லெவல் கருவியால் மனைவரை மட்டம் எடுக்கச் சொல்லுங்கள். இந்த ஒப்பீட்டுக்குக் கடலே தேவையில்லை. அளப்பவர் மனையோடு நிறுத்தாமல் திரும்பக் கலிங்குவரை அளந்து முடிக்க வேண்டும். தொடக்கமும் முடிவும் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் பொருந்தாவிட்டால் மறுபடி அளக்கட்டும். மனை கரைக்குக் கீழே என்றால் உபரி நீர் வாய்க்காலின் தரைமட்டத்தையும் சிறுபாலத்தின் மட்டத்தையும் மனுவில் சேருங்கள்.

திரும்பவும் சொல்கிறேன்: கைப்பேசி உயரம் வேண்டாம். அந்த நகல் கைக்கு வரும்வரை முன்பணமும் வேண்டாம்.