ஷின்சான் ஊருக்கு அடியில் என்ன இருக்கு தெரியுமா?

பள்ளிக்கூட லீவு விட்டாச்சு. அச்சன்புதூர் வீடுகளில் ரிமோட்டுக்கு அடிதடி. "ஆச்சி, சீரியல் அப்புறம் பாருங்க!" என்று பேரன் பிடுங்கிக்கொள்ள, ஜப்பான் கார்ட்டூன் பையன் ஷின்சான் தமிழில் வாயாடத் தொடங்குகிறான். அவன் குடியிருக்கும் கசுகாபே கற்பனை ஊர் இல்லை, தெரியுமா? டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா மாகாணத்தில் இருக்கும் அசல் நகரம்! அவனைப் படைத்த யோஷிட்டோ உசுய் வாழ்ந்த ஊர். 2004-ல் அந்த நகராட்சி ஷின்சான் குடும்பத்தையே சிறப்புக் குடிமக்களாகப் பதிவுசெய்துகொண்டது!

பிள்ளைகள் ஷின்சானைப் பார்த்துச் சிரிக்கட்டும். நீங்கள் அவன் அப்பாவைக் கவனியுங்கள். வயசு 35. தினமும் டோக்கியோவுக்கு ரயில். வீட்டுக்கடன் பாக்கி இன்னும் 32 வருஷம்! புறநகர்ச் சம்பளக்காரன் பாட்டை இவ்வளவு சுருக்கமாக யார் சொன்னார்கள்?

பெரிய அதிசயம் ஊருக்கு அடியில் இருக்கிறது. சுற்றுவட்டார ஆறுகள் பெருகினால் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள 6.3 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கம்! தண்ணீர் விழும் கிணறுகளின் ஆழம் சுமார் 70 மீட்டர், அதாவது 230 அடி. நம்ம மேக்கரை அடவிநயினார் அணையின் முழு மட்டமே 132 அடிதான்! கடைசியில் ஒரு தொட்டி: நீளம் 177 மீட்டர், அகலம் 78. கூரையைத் தாங்க 59 தூண்கள், ஒவ்வொன்றும் 500 டன். 'பாதாளக் கோயில்' என்றே அங்கே பெயர். விமான எஞ்சினை மாற்றியமைத்து, நொடிக்கு 200 டன் தண்ணீரை எடோ ஆற்றில் தள்ளுகிறார்கள். தண்ணீர் இல்லாத நாளில் டிக்கெட் எடுத்து இறங்கிப் பார்க்கலாம்!

இன்னொரு கார்ட்டூனான டோரேமானில் வரும் நோபிட்டா எந்த ஊர்? அவன் டோக்கியோ நெரிமாக்காரன்.

கார்ட்டூனை விட்டு நாவலுக்கு வருவோம். ஜப்பானில் ராத்திரி பகலாகத் திறந்திருக்கும் 'கொன்பினி' கடையில் வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றி நாவல் எழுதினார் சயாகா முராட்டா. 2016-ல் அதற்கு ஜப்பானின் புகழ்பெற்ற அகுதகவா பரிசு. பரிசு வாங்கியபோதும் அவர் அதே மாதிரிக் கடையில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்!

சரி, டோக்கியோக்காரர்கள் நம்மைப் பார்த்தார்களா? பார்த்தார்களாவா! 1998-ல் ஷிபுயாவின் சினிமா ரைஸ் தியேட்டரில் ரஜினியின் 'முத்து' 23 வாரம் ஓடியது. ஜப்பானில் அதிகம் வசூலித்த இந்தியப் படம் என்ற பெயரை 2022-ல் 'ஆர்ஆர்ஆர்' வந்துதான் பறித்தது. 24 வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நம்ம முத்து!