எண்ணுவதும் தொண்டே!

வனவிலங்குப் பாதுகாப்புத் தொண்டு என்றதும் புலியும் யானையும் அடர்காடுமே நம் நினைவுக்கு வரும். எனக்கு வாய்த்ததோ சென்னைக் கடற்கரை மணல். ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரை, வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கி.மீ. நடக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன்.

நாங்கள் தேடுவது பங்குனி ஆமையை. 'ஆலிவ் ரிட்லி' என்று உலகம் அறிந்த கடலாமைக்கு, முட்டையிடக் கரையேறும் பருவத்தை ஒட்டித் தமிழில் வழங்கும் பெயர் இது. சென்னையில் இதற்கான இரவு நடை 1970-களில் தொடங்கியது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இப்பணியைத் தொடர்ந்து செய்து வருகிறது.

வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக் கூடும் என்பதால் இருளிலேயே நடக்கிறோம். டிராக்டர் சக்கரம் உருண்டதுபோன்ற தடம் மணலில் தெரிந்தால், அதைப் பின்தொடர்ந்து, குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்துக் குழியைக் கண்டறிகிறோம். ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். அவற்றை எண்ணி, அதிராமல் துணிப்பையில் எடுத்துச் சென்று, வனத் துறை அனுமதியுடன் அமைந்த பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறோம்.

முட்டைகளை ஏன் இடம் மாற்ற வேண்டும்? 45 முதல் 60 நாள்களில் வெளிவரும் குஞ்சுகள், ஒளி மிகுந்த திசையைக் கடல் என்று கருதி நகர்பவை. நகரக் கடற்கரையிலோ சாலை விளக்குகளே கடலைவிட ஒளிர்கின்றன. வழிதவறும் குஞ்சுகள் நாய்க்கும் காகத்துக்கும் இரையாகின்றன. அல்லது வெயிலில் மடிகின்றன.

குஞ்சுகளைக் கடலில் விடும் மாலையில் கூட்டம் திரளும், புகைப்படங்கள் குவியும். ஆனால், இத்தொண்டின் கடினமான பகுதி வேறு. முதல் நடையில் நான் கண்ட ஆமை இறந்து கிடந்தது. ஓட்டின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, காயங்களைக் குறித்து, மீண்டும் எண்ணிவிடாதபடி அடையாளமிடச் சொன்னார் குழுவின் மூத்தவர். 'செத்ததை அளந்து என்ன பயன், ஐயா?' என்று கேட்டேன். 'எழுதாவிட்டால், அது சாகவே இல்லை என்றாகிவிடும், தம்பி' என்றார் அவர்.

அந்தச் சொல்லின் பொருள் 2025 ஜனவரியில் விளங்கியது. சென்னையிலும் அதை ஒட்டிய கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. தன்னார்வலர்களின் கணக்குகள் செய்தியாயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. கடலாமை நுரையீரலால் சுவாசிப்பது. இழுவலையில் சிக்கி மேலே வர இயலாவிட்டால் மூச்சுமுட்டி இறந்துவிடும். கரையோரக் கடலில் விசைப்படகுகளுக்குள்ள தடையை உறுதியாகச் செயல்படுத்துவதும், வலையில் ஆமை விலக்குக் கருவி பொருத்துவதுமே இதற்குத் தீர்வு. இழுவலை மீனவருக்கு, கருவி வழியே மீனும் நழுவும் என்ற அச்சம் உண்டு. அந்த இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும். முட்டையைக் கண்டால் முதலில் எங்களுக்குத் தகவல் தருவோரும் மீனவர்களே.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பருவமடையப் பத்தாண்டுக்கும் மேலாகும் ஓர் உயிரின் இழப்பைப் பொரிப்பகத்தால் மட்டும் ஈடுசெய்ய இயலாது. தன்னார்வலர் வலையைத் திருத்த முடியாது. ஆனால், இறப்பை மறைக்க இடமில்லாதபடி செய்ய முடியும்.

இதற்குத் தனித்தகுதி ஏதும் வேண்டியதில்லை. ஆர்வத்தில் ஓரிரவு வந்துபோவோர் பலர். ஒன்றுமே தென்படாத இரவுகளுக்குப் பின்னும் பத்தாம் முறையாக வருவோரே தேவை. நடக்க இயலாதோர், கடலை நோக்கிய தம் வீட்டு விளக்கை இம்மாதங்களில் அணைத்து வைக்கலாம். அதுவும் தொண்டே.