செயின் எஞ்சின் என்றால் செலவே இல்லையா?

பஸ் வராத தோட்டத்தில் காடி ஆடம்பரம் அல்ல. பிள்ளையைப் பள்ளிக்கும் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போக வேறு வழி இல்லை என்றுதான் நாம் தவணை கட்டிப் பழைய காடி வாங்குகிறோம். வாங்கிய ஆறாம் மாதம் அது ரோட்டில் பட்டென்று நின்றுவிட, "டைமிங் செயின் போச்சு" என்று பட்டறையில் கையை விரிக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்தால் அந்தச் சம்பளம் முழுவதும் போட்டாலும் பற்றாமல் போகலாம்.

டைமிங் செயின் என்றால் என்ன? எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அதற்கு மேலே வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரண்டும் நேரம் தவறாமல் ஓடும்படி கட்டி வைத்திருப்பதுதான் இந்தச் செயின். செம்பனைக் குலை அறுக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். மேலே அரிவாள் போடுகிறவரும் கீழே நிற்கிறவரும் நேரம் பார்த்து நகர வேண்டும். ஒருவர் தப்பினால் குலை தலையில் விழும். செயின் ஒரு பல் தாண்டினால் எஞ்சின் உதறும், இழுக்காது. பல பல் தாண்டினாலோ அறுந்தாலோ, அநேக எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும். சில நூறில் முடிய வேண்டியது ஆயிரக்கணக்கில் போவது இதனால்தான்.

பழைய கஞ்சில், பழைய புரோட்டோன் சாகா போன்றவற்றில் இருப்பது ரப்பர் பெல்ட். அதைப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். 2005-இல் வந்த மைவியில் இருப்பது செயின். "அண்ணே, இது செயின் எஞ்சின், சாகிற வரைக்கும் மாத்தவே வேண்டாம்" என்று விற்கிறவர் சொல்வார். அது பாதி உண்மைதான். எண்ணெயை ஒழுங்காக மாற்றினால் செயின் நெடுங்காலம் உழைக்கும். செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், பெரும்பாலான எஞ்சின்களில் எண்ணெய் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. நம்மவர்கள் 'மின்யாக் ஹித்தாம்' என்கிற அந்த எண்ணெய் குறைந்தாலும் சேறாகிப் போனாலும் டென்ஷனர் தளரும், செயின் இணைப்புகள் தேயும், செயின் நீளும். முன்பு வைத்திருந்தவர் எண்ணெய்க்கு மிச்சம் பிடித்த காசை நாம் கட்ட வேண்டியதாகிறது.

ஆகவே வாங்கும் முன் சிலவற்றைக் கவனியுங்கள். காலையில் போங்கள், நாம் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போனெட்டில் கை வைத்தால் ஜில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்டார்ட் ஆன முதல் சில விநாடி எஞ்சின் பக்கத்தில் காது கொடுங்கள். தகர டப்பாவில் சங்கிலியை ஆட்டினாற்போல் கரகரவென்று சத்தம் வந்து அடங்கினால், அந்தக் காடியை விட்டுவிடுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தார் மாதிரி அப்பியிருந்தாலும் வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் பரிசோதனை நிலையத்தில் பாஸ் ஆன காடிதானே என்று நம்பிவிடாதீர்கள். அங்கே எஞ்சினைத் திறந்து செயினைப் பார்ப்பதில்லை.

ஏற்கெனவே வாங்கிய காடியில் சத்தம் வந்தால், "அடுத்த சம்பளத்துக்குப் பாத்துக்கலாம்" என்று ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். பிறகு இரண்டு பட்டறையில் விலை கேளுங்கள். செயின், டென்ஷனர், கைடு மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கூலியை இரண்டு தரம் கொடுக்க நேரும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காடி ஓடும்போதே நின்றுவிட்டால் சாவியை மறுபடி மறுபடி திருப்பாதீர்கள். வளையாத வால்வும் வளையும்.

வியாபாரியிடம் வாங்கியிருந்தால் நமக்குச் சட்டமும் துணை இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆனால் வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது. "எஞ்சினுக்கு நான் கேரண்டி" என்று வியாபாரி சொன்னால், "ரசீதில் எழுதி முத்திரை போடுங்கள்" என்று அங்கேயே கேளுங்கள். எழுத மறுக்கிறவருடைய காடியைத் தொடாதீர்கள். ரசீது, விளம்பரப் படம், பட்டறைக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போன்ற தனியாளிடம் வாங்கினால் இந்த வழி கிடையாது. அப்போது காதும் கண்ணும்தான் காவல்.

தோழர்களே, சாதாரண எண்ணெய் என்றால் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் மாற்றுங்கள். அடுத்த நாள் சம்பளம் என்றாலும் தள்ளிப் போடாதீர்கள். வாரம் ஒரு முறை எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. வீட்டில் ஓட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கும், ஆணாயிருந்தாலும் பெண்ணாயிருந்தாலும், இதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.