பாடசாலைக்குப் போகும் பாதை

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே சூளையிலிருந்து எடுத்த பொம்மைகளை வெளியூருக்கு அனுப்பும் வியாபாரி, அவற்றை வைக்கோலில் பொதிந்து, பெட்டியில் அடைத்து, ‘உடையும் சாமான், ஜாக்கிரதை’ என்று மேலே எழுதி, லாரிக்காரரையும் ஒருமுறைக்கு இருமுறை எச்சரித்த பிறகே ஏற்றி அனுப்புவார். சரக்கு பழுதில்லாமல் போய்ச் சேர வேண்டுமே என்பது அவர் கவலை. அந்த விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில், வெள்ளாற்றை ஒட்டி, கருவேப்பிலங்குறிச்சி இருக்கிறது. அதைப் போன்ற சாலையோரத்து ஊர்களில், காலை எட்டு மணிக்கு, ஐந்து வயதுக் குழந்தை தன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, தோளில் பையுடன், ஆரம்பப் பாடசாலையை நோக்கி நடந்து வருவதைக் காணலாம். ஒரு பக்கம் கரும்பு லாரி, மறுபக்கம் முள். அந்தக் குழந்தையின்மேல் எவரும் எச்சரிக்கை எழுதி ஒட்டவில்லை. அது பத்திரமாகப் போய்ச் சேருவதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், பெற்றோர் பாடசாலையைக் காட்டுகிறார்கள். பாடசாலை பஞ்சாயத்தைக் காட்டுகிறது. பஞ்சாயத்து நெடுஞ்சாலை இலாகாவைக் காட்டுகிறது.

பாடசாலை என்பது அதன் மதிற்சுவருக்குள் ஆரம்பமாகவில்லை, குழந்தையின் வீட்டு வாசற்படியில் ஆரம்பமாகிறது என்பது நமது அபிப்பிராயம். பாதையும் பாடசாலையின் ஒரு பகுதியே. அதைச் சீர்படுத்தாமல் கட்டிடத்தை மட்டும் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் காரியம் பாதிதான் நிறைவேறும்.

சட்டம் சொல்வது

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த தத்துவமல்ல. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் 2010-ம் வருஷம் மத்திய சர்க்கார் செய்த விதிகளைப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கு 1 கிலோமீட்டர் நடைதூரத்திற்குள்ளும், ஆறு முதல் எட்டு வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பாடசாலை இருக்க வேண்டுமென்று அவை கூறுகின்றன. அதோடு நிற்கவில்லை. வெள்ளம், மண்சரிவு, சாலையின்மை முதலிய காரணங்களால் வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியில் சிறு குழந்தைகளுக்கு அபாயம் இருக்குமானால், அந்தத் தூரத்தையும் குறைத்து, அபாயம் நேராதபடி பாடசாலையை அமைக்க வேண்டுமென்று விதிக்கின்றன. சட்டம் இயற்றியவர்கள் தூரத்தை மட்டும் அளக்கவில்லை. வழியின் தன்மையையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் நடைமுறையில் நாம் கிலோமீட்டரை அளந்துவிட்டுத் திருப்தியடைந்து விடுகிறோம். பல கிராமங்களில் நெடுஞ்சாலைக்கு ஒரு புறம் ஊர். மறு புறம் காலனி. பாடசாலை ஊர்ப்பக்கத்தில் இருக்கும். காலனிக் குழந்தைக்குத் தூரம் அரைக் கிலோமீட்டர்தான். ஆனால் அந்த அரைக் கிலோமீட்டருக்கு நடுவே லாரிகளும் பஸ்களும் பாய்ந்தோடும் சாலை குறுக்கிடுகிறது. நாடாவினால் அளந்தால் பாடசாலை பக்கத்தில் இருக்கிறது. தாயின் மனத்தினால் அளந்தாலோ அது வெகு தூரத்தில் இருக்கிறது.

காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் ஆரம்பிக்கப்பட்டு, 2023 ஆகஸ்டு 25 முதல் தமிழ்நாடெங்குமுள்ள சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகளுக்கு விஸ்தரிக்கப்பட்டது. மிகச் சிறந்த காரியம். அதன் பலனாகக் குழந்தைகள் முன்னைவிடச் சீக்கிரமாகவே வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். அதே நேரத்தில்தான் வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்களும், தனியார் பள்ளி வேன்களும், சரக்கு வண்டிகளும் சாலையில் நெருங்குகின்றன. குழந்தைக்குச் சோறு போட ஏற்பாடு செய்த நாம், அந்தச் சோற்றுக்கு அது வந்து சேரும் வழியையும் கவனித்தாக வேண்டும்.

வேன் கவசமாகுமா?

சாலைக்குப் பயந்த பெற்றோர் என்ன செய்கிறார்கள்? வசதியுள்ளவர் குழந்தையை வேனில் ஏற்றுகிறார். இல்லாதவர் மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று உட்கார்த்திக்கொண்டு போகிறார். இது பத்திரமா? நமது கடலூர் ஜில்லாவிலேயே, 2025 ஜூலை 8-ந் தேதி காலை, செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் மாண்டதை மறக்க முடியுமா? 2009 டிசம்பர் 3-ந் தேதி வேதாரண்யத்திற்கு அருகே பள்ளி வேன் குளத்தில் கவிழ்ந்து ஒன்பது குழந்தைகளும், அவர்களைக் காப்பாற்ற முயன்ற இளம் ஆசிரியை ஒருவரும் உயிரிழந்தார்கள். 2012 ஜூலையில் தாம்பரத்திற்கு அருகே ஓடும் பள்ளி பஸ்ஸின் தளத்திலிருந்த ஓட்டை வழியாகச் சிறுமியொருத்தி விழுந்து இறந்தாள். அதன் பிறகே தமிழக சர்க்கார் பள்ளி வாகனங்களுக்கென்று விசேஷ விதிகளை வகுத்தது. நமது நாட்டில் விதிகள் பெரும்பாலும் குழந்தைகளின் சாம்பலிலிருந்துதான் முளைக்கின்றன.

மேலும் ஒரு விஷயம். ஒவ்வொரு பெற்றோரும் பயந்து வண்டியை நாடுவதால் பாடசாலை வாசலில் வண்டிகள் பெருகுகின்றன. அவை பெருகுவதால் நடந்து வரும் ஏழைக் குழந்தைக்கு அபாயம் அதிகமாகிறது. அதைக் கண்டு மற்றொரு பெற்றோரும் வண்டியை நாடுகிறார். இவ்விதமாகப் பயம் பயத்தைப் பெறுகிறது. வேனில் ஏறிய குழந்தை உள்ளூர்ப் பாடசாலையில் இறங்குவதில்லை. பத்து மைலுக்கு அப்பாலுள்ள தனியார் பள்ளிக்குப் போய்விடுகிறது. கிராமப் பாடசாலையில் பதிவு குறைகிறது. ஒரு குழந்தைகூட இல்லாமற்போன 46 பாடசாலைகளை நூல்நிலையங்களாக மாற்றுவதென 2019-ல் சர்க்கார் முடிவு செய்ததை வாசகர்கள் அறிவார்கள். ஆங்கில மோகம் முதலிய வேறு காரணங்களும் இதற்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பத்திரமாக நடந்து போகக்கூடிய பாதை இருந்தால், பக்கத்திலுள்ள பாடசாலையே போதுமென்று நினைக்கும் பெற்றோரின் தொகை நிச்சயமாகப் பெருகும்.

வேகமே சத்துரு

2022-ம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இதில் முக்கியமான காரணம் வேகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி, டிரைவர் அபாயத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொள்ளும் ஒரு வினாடிக்குள் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 8 மீட்டர்தான். மோதும்போதோ, வேகம் இரட்டித்தால் தாக்கும் சக்தி நான்கு மடங்காகிறது. சிறு குழந்தையால் தொலைவில் வரும் வண்டியின் வேகத்தைச் சரியாக மதிப்பிட முடியாது. நின்றிருக்கும் பஸ்ஸின் பின்னாலிருந்து அது வெளிப்படுவது டிரைவரின் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே, குழந்தையைத் திருத்துவதைவிட வண்டியின் வேகத்தைக் குறைப்பதே விவேகம். ஜனங்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாயிருக்க வேண்டுமென்று 2020-ல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக மகாநாடும் பிரகடனம் செய்திருக்கிறது.

பிற தேசங்களின் அனுபவம்

ஹாலந்து தேசம் இன்று சைக்கிளுக்கு உலகப் பிரசித்தி பெற்றது. அது எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1971-ம் வருஷத்தில் மட்டும் அங்கே 400-க்கு மேற்பட்ட குழந்தைகள் மோட்டார் வண்டிகளுக்குப் பலியானார்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற கோஷத்துடன் பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். சர்க்காரும் நகரசபைகளும் அதன் பிறகு வழிக்கு வந்தன. ஜப்பானில் ஒவ்வொரு பாடசாலைக்கும் குழந்தைகள் வர வேண்டிய பாதை இன்னதென்று குறிக்கப்பட்டிருக்கிறது. பல இடங்களில் ஒரு தெருக் குழந்தைகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, மூத்த மாணவன் முன்னே செல்ல, வரிசையாக நடக்கிறார்கள். முதல் வகுப்புக் குழந்தைகள் தூரத்திலிருந்தே தெரியும்படி மஞ்சள் தொப்பி அணிகிறார்கள். இங்கிலாந்தில் 1998-ல் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் ‘நடக்கும் பஸ்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர், நடுவில் குழந்தைகள். குறித்த நேரத்தில் குறித்த இடங்களில் நின்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு நடப்பதுதான் அந்த பஸ். எஞ்சினில்லை, பெட்ரோலில்லை, புகையுமில்லை.

இந்த ஏற்பாடு கருவேப்பிலங்குறிச்சிக்கு ஒத்து வராதா? திருவிழாவுக்குக் கூட்டமாக நடந்து பழகிய ஜனங்கள் நாம். கூட்டமாய் நடப்பதற்கு நமக்கு எவரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

ஊரார் செய்யக்கூடியது

முதலாவதாக, தெருவுக்கு ஒரு கூட்டமாகக் குழந்தைகளைச் சேர்த்து, முறைவைத்து இரண்டு பெரியவர்கள் துணையாக நடக்க வேண்டும். இந்தக் கூட்டம் காலனியிலிருந்து புறப்பட்டு ஊர் வழியாகப் பாடசாலைக்குப் போவது மிகவும் உசிதம். ஒரே வரிசையில் கைகோத்து நடந்த குழந்தைகள் பெரியவர்களான பிறகும் அந்தக் கையை உதறுவது கடினம்.

இரண்டாவதாக, சாலையோரத்து முள்ளை வெட்ட வேண்டும். சீமைக் கருவேலம் வளர்ந்து மண் ஓரத்தை அடைத்துக்கொள்வதால்தான் குழந்தைகள் தார் ரோட்டின்மேல் நடக்க நேரிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடினால் அரைக் கிலோமீட்டர் பாதை வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது, நம்மவர் மனம் நோகலாம். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். உளுந்தையும் எள்ளையும் மக்காச்சோளத்தையும் தார் ரோட்டில் பரப்பி, சுற்றிலும் கல்லை அடுக்கி வைப்பவர்கள் வெளியூரார் அல்லர். குழந்தை நடக்க வேண்டிய ஓரத்தை நாமே களமாக்கிவிட்டு லாரிக்காரரை மட்டும் வைவதில் நியாயமில்லை. உலர்களம் இல்லையென்றால் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

நான்காவதாக, நிழல். சித்திரை வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடப்பது சிறு பிள்ளைக்கு எளிதல்ல. ராணி மங்கம்மாள் சாலை போட்டு மரம் நட்டாள் என்று இன்றும் ஜனங்கள் வாழ்த்துகிறார்கள். சாலையை அகலப்படுத்துவதற்காக நாம் வெட்டிய புளிய மரங்களுக்கு ஈடாக, பாடசாலைப் பாதையிலாவது புங்கும் வேம்பும் நடலாம். நடுவது பெரியவர் கடமை. பெயர் வைத்து வளர்ப்பது பிள்ளைகளின் ஆனந்தம். நிழலில் நடந்து, குருவியையும் ஓணானையும் பார்த்துக்கொண்டு வரும் குழந்தை, வகுப்பில் உட்காருவதற்கு முன்பே பாதிப் பாடம் படித்துவிடுகிறது.

சர்க்காரின் கடமை

ஊரார் செய்ய முடியாதவையும் உண்டு. வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை, கடக்குமிடத்தில் வெள்ளைக் கோடு, சாலையோர நடைபாதை ஆகியவற்றை நெடுஞ்சாலை இலாகாதான் அமைக்க வேண்டும். பாடசாலை ஆரம்பிக்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கடக்குமிடத்தில் போலீஸார் ஒருவரை நிறுத்துவது பெரிய செலவல்ல. கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த வழக்கில், நடைபாதை பெறுவது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதியென்று சுப்ரீம் கோர்ட்டு 2025 மே மாதம் தெளிவுபடுத்தியது. அவ்வருஷம் அக்டோபரில், நடப்பவர்களின் பாதுகாப்புக்கான விதிகளை ஆறு மாதத்திற்குள் வகுக்கும்படி ராஜ்ய சர்க்கார்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே கருவேப்பிலங்குறிச்சிக் குழந்தை நடைபாதை கேட்டால் அது தயவைக் கேட்பதாகாது, உரிமையைக் கேட்பதாகும்.

ஒரு முன்மாதிரி

1954-ல் காமராஜர் முதன்மந்திரியானதும் குழந்தையின் நடைதூரத்திற்குப் பாடசாலையைக் கொண்டுவந்தார். 1956-ல் மத்தியான உணவும் கொடுத்தார். பாடசாலைகளுக்குக் கட்டிடமும் பெஞ்சும் இல்லாத குறையைப் போக்க, கல்வி டைரக்டராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகளை நடத்தினார். ஊரார் நிலம் கொடுத்தார்கள், மணல் கொடுத்தார்கள், கரும்பலகையும் மணியும் கொடுத்தார்கள். சர்க்கார் கையையே எதிர்பார்த்திராமல் ஜனங்கள் தங்கள் பாடசாலையைத் தங்களதாக்கிக்கொண்ட காலம் அது. அந்த உற்சாகத்தை இப்பொழுது பாடசாலைச் சுவருக்கு வெளியே திருப்ப வேண்டும்.

அதற்கு வழியும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப்பேர் பெண்கள் என்பது சட்டம். அந்தத் தாய்மார்கள் ஒரு நாள் காலை குழந்தைகளோடு சேர்ந்து நடந்து, எங்கே முள், எங்கே பள்ளம், எங்கே மூடாத கிணறு, எந்த வளைவில் லாரி தெரிவதில்லை என்று குறித்துக்கொள்ளட்டும். வருஷத்தில் ஆறு நாட்கள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் கிராமசபை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்தில் அந்தக் குறிப்பைத் தீர்மானமாக நிறைவேற்றி, கலெக்டருக்கும் நெடுஞ்சாலை இலாகாவுக்கும் அனுப்பட்டும். பதில் வரும்வரை விடாமல் கேட்கட்டும். பதில் வருவதற்குள் முள்ளை வெட்டிவிடட்டும்.

பொம்மை உடைந்தால் வியாபாரி மறுபடி சூளை மூட்டுவார். குழந்தைக்கு அந்த வசதி இல்லை. கருவேப்பிலங்குறிச்சி மாதாக்களுக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நெடுஞ்சாலை இலாகாவுக்கும், பஞ்சாயத்துக்கும், வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும்தான் சொல்கிறோம்.