சொக்கலேட் ஆலையும் கஞ்சாக் கடையும்

கனடாவின் தலைநகராகிய ஒட்டாவாவிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில் சிமித்ஸ் ஃபோல்ஸ் என்னும் சிற்றூர் உண்டு. சுமார் 9,000 மக்கள் வாழும் அவ்வூர் நெடுங்காலமாகச் சொக்கலேட்டினால் பெயர்பெற்றிருந்தது. 1960-களில் அங்கு நிறுவப்பட்ட ஹேர்ஷி நிறுவனத்தின் ஆலையைக் காண்பிப்பதற்கென்றே பெற்றோர் பிள்ளைகளை அழைத்துச் செல்வர். 2008-ஆம் ஆண்டில் அவ்வாலை மூடப்பட்டது, நூற்றுக்கணக்கானோர் வேலையிழந்தனர். 2014-இல் அதே கட்டிடத்தில் வேறொரு தொழில் புகுந்தது. சொக்கலேட் வார்த்த கூடங்களில் கஞ்சாச் செடிகள் வளரலாயின. முதலில் மருந்துக்கென, பின்னர், சட்டம் இடங்கொடுத்தபோது, கேளிக்கைக்கென. வேலையின்றித் தவித்த ஊர் அதனை வரவேற்றதற்காக நாம் அவ்வூராரைக் குறைகூறப் போவதில்லை.

அச்சட்டம் 2018-ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 2013-இல் உருகுவே இயற்றிய சட்டத்திற்குப் பின், நாடு முழுவதிலும் வயதுவந்தோர்க்கு இவ்வனுமதியை அளித்த இரண்டாவது நாடு கனடா. பொது இடத்தில் ஒருவர் 30 கிராம் வரை உலர்ந்த கஞ்சா வைத்திருக்கலாம். இளைஞரிடமிருந்து கஞ்சாவை விலக்குவதும், கள்ளச் சந்தையாரின் வருவாயைப் பறிப்பதும், பரிசோதிக்கப்பட்ட பொருளையே மக்கள் கையில் சேர்ப்பதும் நோக்கம் என்றனர். சிறிதளவு கஞ்சாவோடு பிடிபட்டுக் குற்றப்பதிவு பெற்று, அதனால் வாழ்க்கைப் பாதை தடைப்பட்ட இளைஞர் முன்னாளில் அங்கு பலர். அந்நிலை நீங்கியது நன்மையே. அதனை நாம் மறைக்கலாகாது.

ஆயினும், எவர் விற்பது, எங்கு விற்பது என்பவற்றைப் பெரும்பாலும் மாகாணங்களே முடிவுசெய்தன. வேற்றுமை அங்கேதான் தொடங்குகிறது.

நம் உறவினர் பல்லாயிரவர் வாழும் ஒன்ராறியோவில் அரசே கடை நடத்துவதாக முதலில் திட்டம். 2018-இல் ஆட்சி மாறியதும் தனியாருக்கு வழி திறக்கப்பட்டது. குலுக்கல் முறையில் 25 பேர் தெரிவுசெய்யப்பட்டு, 2019 ஏப்ரல் முதலாம் நாள் முதற் கடைகள் திறந்தன. மறு ஆண்டில் எண்ணிக்கை வரம்பு நீங்கவே, 2021 முடிவதற்குள் கடைகள் ஆயிரத்தைத் தாண்டின. பாடசாலையிலிருந்து 150 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும் என்று விதித்தவர்கள், ஒரு கடைக்கும் மறு கடைக்கும் இடையே தூரம் எதனையும் விதிக்கவில்லை. ரொறன்ரோவின் குயீன் வீதி மேற்கில் அவை அடுத்தடுத்து முளைத்தன. விலையைக் குறைத்து ஒன்றையொன்று வீழ்த்த முயன்ற கடைகள் பல மூடவும் நேர்ந்தது. சிமித்ஸ் ஃபோல்ஸ் ஆலையும் தப்பவில்லை. 2023 பெப்ரவரியில் கஞ்சா நிறுவனம் அதனை மூடுவதாக அறிவித்தது. அவ்வாண்டே ஹேர்ஷி தன் பழைய கட்டிடத்தைத் திரும்ப வாங்கியது!

விரும்பாத நகரசபைகள் கடைகளை மறுக்கவும் உரிமை தரப்பட்டது. நம்மவர் மிகுந்த மார்க்கம் நகரம் மறுத்தது, ரொறன்ரோ ஏற்றது. இரண்டிற்கும் இடையே எல்லை ஸ்ரீல்ஸ் வீதி. மறுபக்கத்துக் கடைக்குச் செல்லப் பச்சை விளக்கு எரிந்தாற் போதும்.

2019 ஒக்ரோபரில் சட்டம் மேலும் ஒரு படி சென்று, கஞ்சாச் சத்துக் கலந்த தின்பண்டங்களையும் அனுமதித்தது. சொக்கலேட்டும் மெல்லும் இனிப்புகளும் கடைக்கு வந்தன. ஒரு பொதியில் போதைதரும் டி.எச்.சி. 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. குழந்தை எளிதில் திறக்கவியலாத உறை வேண்டும். எச்சரிக்கை வாசகம் வேண்டும். நல்ல விதிகளே. ஆனால் உறையைப் பிரித்து எஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபின், மூன்று வயதுக் குழந்தைக்கு அது வெறும் இனிப்புத்தான். கள்ளச் சந்தையிலோ, பெயர்பெற்ற இனிப்புகளின் உறையையே போலிசெய்து, பன்மடங்கு போதையேற்றி விற்கின்றனர்.

கியூபெக் மாகாணம் வேறு வழி சென்றது. அங்கு விற்பனை அரச நிறுவனத்திடம் மட்டுமே. 2020 ஜனவரி முதல் 21 வயது நிரம்பாதோர் வாங்கவியலாது. குழந்தைகளைக் கவரும் இனிப்புகளுக்கு அக்கடைகளில் இடமில்லை. பயன் என்ன? கஞ்சா நச்சேறி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட சிறு குழந்தைகளின் தொகை, சட்டத்தின் பின் எங்கும் கூடியது உண்மையே. எனினும் தின்பண்ட விற்பனை தொடங்கியபின் ஒன்ராறியோ முதலிய மாகாணங்களில் அது மேலும் பெருகியது. கியூபெக்கில் அவ்வாறு பெருகவில்லை என 2022-இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. அனுமதித்த நாடு ஒன்றே. கடை நடத்திய விதம் வேறு.

பேரப்பிள்ளைகளைக் காண அந்நாட்டிற்குச் செல்லும் நம் முதியோரும் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். தின்ற கஞ்சாவின் போதை உடனே தோன்றுவதில்லை; அரைமணி முதல் இரண்டு மணி நேரம் செல்லலாம். குழந்தை காரணமின்றித் தள்ளாடினாலோ, எழுப்பவியலாத உறக்கத்தில் ஆழ்ந்தாலோ, மூச்சு மெலிந்தாலோ தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மானத்துக்கு அஞ்சிப் பெற்றோர் மழுப்பினால், மருத்துவர் வேறு நோய்களைத் தேடிக் காலங்கழிக்க நேரும். வயதுவந்தோர் கடையில் வாங்கிய கஞ்சாவை வீட்டில் வைத்திருப்பது அங்கு குற்றமன்று. எஞ்சிய பொதியைக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டலாம்.