உயரத்தில் முதலில் தளர்வது இன்ஜின் அல்ல

வட அமெரிக்காவிலேயே மிக உயரத்தில் இருக்கும் விமான நிலையம் கொலராடோ மாநிலத்தின் லெட்வில். கடல் மட்டத்திலிருந்து 9,934 அடி. அதன் அருகே 14,440 அடி உயர எல்பர்ட் சிகரம் நிற்கிறது. இந்த மலைகளுக்கு மேலேதான் என் சிறிய விமானத்தை ஓட்டுகிறேன். இருவர் உட்காரலாம். கிட்டாக வாங்கி, அலுமினியத் தகடுகளுக்கு ரிவெட் அடித்து, வீட்டு கராஜில் நானே கட்டியது. வேலையில் பெரும்பகுதியை ஆர்வலர்களே செய்திருந்தால், இப்படிப்பட்ட விமானத்துக்கு அமெரிக்க அரசு சோதனை ரகத்தில் சான்றிதழ் தருகிறது.

உயரே போவதில் லாபம் உண்டு. காற்று மெலிவதால் எதிர்ப்பு குறைகிறது. பின்காற்று கிடைத்தால் பயணம் சீக்கிரம் முடிகிறது. இன்ஜின் நின்றுபோனாலும், இறங்க இடம் தேடுவதற்கு அவகாசம் இருக்கும்.

ஆனால் 18,000 அடியில் காற்றழுத்தம் பாதியாகிவிடுகிறது. டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியும் ஏறக்குறைய பாதிதான். காற்று குறையும்போது பெட்ரோலையும் குறைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. அதை மெல்ல இழுத்தால் புகைபோக்கியின் வெப்பமானி ஏறும். திணறிக்கொண்டிருந்த இன்ஜின் சீராக ஓடத் தொடங்கும்.

வேகமானி காட்டுவதையும் அப்படியே நம்பக்கூடாது. அந்த உயரத்தில் அது 150 நாட் என்றால், விமானம் உண்மையில் 200 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வரம்பு மீறினால் இறக்கையோ வாலோ அதிரத் தொடங்கி, நொடிகளில் பிய்ந்துபோகலாம். அதனால் உயரத்துக்கு ஏற்ற வேக வரம்பை அட்டையில் எழுதி, கண்ணுக்கு நேரே ஒட்டியிருக்கிறேன்.

இவையெல்லாம் கருவியில் தெரிபவை. கருவியில் தெரியாமல் தளர்வது விமானியின் மூளை. பெரிய விமானங்களைப் போல என் கேபினில் காற்றழுத்தத்தைக் கூட்டும் வசதி கிடையாது. ஆக்சிஜன் குறையும்போது பெரும்பாலும் வலியோ மூச்சுத்திணறலோ வருவதில்லை. எல்லாம் நன்றாகவே போகிறது என்ற நிறைவுதான் வருகிறது. ரேடியோவில் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்லத் தடுமாறுவோம். அந்தத் தடுமாற்றம் நமக்கே தெரியாது. 25,000 அடியில் ஆக்சிஜன் இல்லாவிட்டால், புத்தி தெளிவாக இருப்பது மூன்று முதல் ஐந்து நிமிடம்தான்.

12,500 அடிக்கு மேல் அரை மணிக்கும் அதிகமாகப் பறந்தால் விமானி ஆக்சிஜன் எடுக்க வேண்டும், 14,000 அடிக்கு மேல் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். நான் அதுவரை காத்திருப்பதில்லை. பகலில் 10,000 அடியிலேயே மூக்கில் குழாயைப் பொருத்திக்கொள்கிறேன். இரவில் கண்பார்வை முன்னதாகவே மங்கும் என்பதால் 5,000 அடியிலேயே தொடங்கிவிடுகிறேன். இங்கே அது தரையிலேயே தொடங்குவது போலத்தான். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அந்த பல்ஸ் ஆக்சிமீட்டர் என் விரலில் இருக்கும். எண் 90-க்குக் கீழே வந்தால் ஆக்சிஜனைக் கூட்டுவேன். அப்படியும் ஏறாவிட்டால் உடனே கீழே இறங்குவேன். உடம்பு நன்றாக இருக்கிறதே என்ற நினைப்புக்கு அங்கே மதிப்பில்லை.

நண்பர் ஒருவர் சிறு விமானத்தில் மலை காட்டுகிறேன் என்று உங்களை அழைத்தால், தயங்காமல் போய்வாருங்கள். அவ்வளவு அழகு அது. ஆனால் ஏறுவதற்கு முன், எவ்வளவு உயரம் போகப்போகிறோம், ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சரியான பதில் வராவிட்டால் ஏறாதீர்கள்.