தாயம் ஆப்பில் இருக்கு; பாட்டி வீட்டு ரூல் எங்கே?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருக்க பரமபதமும் தாயமும் ஆடுவது, திருச்சி ஸ்ரீரங்கம் போன்ற வைணவ ஊர்களின் பழைய வழக்கம். இப்போ இரண்டுமே ஃபோனில் கிடைக்குது. அப்படின்னா பலகைக்கு எதிர்காலம் இருக்கா?

ஆட்டமே அழிஞ்சிடுமா?

வாய்ப்பு குறைவு. 2016-ல் வந்த ‘லூடோ கிங்’, 2020 ஊரடங்கில் நாடு முழுக்கப் பரவியது. சேர்ந்து ஆடும் ஆசை அப்படியேதான் இருக்கு.

பிறகு எது தொலையும்?

நுணுக்கங்கள். பரமபத வகை ஆட்டம் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து போனது. பாம்பும் ஏணியும் தங்கின. உச்சியில் இருந்த வைகுண்டம் காணாமல் போச்சு.

தாயத்துக்கு என்ன ஆபத்து?

0, 1, 2, 3 எனப் புள்ளியுள்ள இரண்டு பித்தளைக் கட்டைகளை உருட்டி, மொத்தம் 1 விழுந்தால் ‘தாயம்’. அப்போதுதான் காய் இறங்கும். இதற்கு வாய்ப்பு 8-ல் 1. லூடோவில் 6 விழுவதைவிடக் கஷ்டம். ஆனால் எதிராளியின் காயை வெட்டாமல் பழம் எடுக்கலாமா, எந்த எண்ணுக்கு மறுபடி உருட்டலாம் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். ஆப்பிலோ, அதை உருவாக்கியவர் வைத்ததே சட்டம். நாளடைவில் அதுவே ‘சரியான’ தாயம் ஆகிவிடும்.

நாம என்ன செய்யலாம்?

உங்க வீட்டு ரூல் பெரும்பாலும் பாட்டியின் நினைவில் மட்டும்தான் இருக்கும். அடுத்த ஏகாதசிக்கு அவங்களோட ஒரு ஆட்டம் போடுங்க. அவங்க ரூல் சொல்றதை ஃபோனில் பதிவு பண்ணுங்க. நாளைக்கு நல்ல தாயம் ஆப் செய்ய நினைப்பவருக்கும் அதுதான் தேவைப்படும்.